தொடாமல் எண்ணும் கருவி

"உங்கள் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள்" என்று வகுப்பிலே மாணவரிடம் நான் சொல்வதுண்டு. எண்ணத் தொடங்கியதுமே மூச்சின் நடை மாறிவிடும். இதை நன்கறிந்த தாதிமார், நாடி பார்ப்பவர்போல நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டே நெஞ்சின் அசைவை எண்ணுவர்.

வளர்ந்தோர் ஓய்வாயிருக்கையில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவர். உடல்நிலை மோசமாகுமுன்னரே இவ்வெண் ஏறிவிடுவது பலரிடத்துக் காணப்படுவது. ஆயினும் வேலைப்பளுவிலே முதலிற் கைவிடப்படுவதும் இவ்வெண்ணிக்கையே.

இக்குறையை நீக்க றேடார் வந்திருக்கிறது. ஆகாய விமானங்களைத் தேடிய அதே முறைதான். கருவி அனுப்பும் அலை போர்வையை ஊடுருவி, நெஞ்சிற் பட்டுத் திரும்பும். 60 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீற்றரே. ஆகவே நெஞ்சு சிறிது உயர்ந்தாலும் திரும்பும் அலையின் அவத்தை மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு மூச்சு எண்ணப்படும். நுண்ணலைகளால் மூச்சை அளக்கும் முறையை 1975 இல் ஜேம்ஸ் லின் என்பார் எழுதி வெளியிட்டார். ஒட்டுப்பட்டிகளைத் தாங்காத குறைமாதக் குழந்தையின் மென்தோலுக்கு இம்முறை பெரும் ஆறுதலன்றோ?

நோயாளி புரண்டு படுத்தால் கணக்குக் குழம்பும். அப்போது மனிதக் கண்ணே துணை. எண்ணும் வேலையைக் கருவியிடம் விடலாம். அந்த எண் ஏறும்போது எழுந்து வந்து, கையைப் பற்றி, "என்ன செய்கிறது?" என்று கேட்கும் வேலையை விடலாகாது.