தவறுக்கு இடம் தரும் பட்டறை

2023 செப்டம்பரில் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் 27 அடி நடராசர் நின்றபோது, அதை வார்த்த சுவாமிமலையின் பெயர் சில நாட்கள் செய்திகளில் அடிபட்டது. பரம்பரை ரத்தம், தெய்வக் கை என்றெல்லாம் புகழ்ந்தார்கள். அந்தக் கை எப்படிப் பழகியது என்ற கேள்விதான் என்னைக் கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊருக்கு இட்டுச் சென்றது.

பட்டறையில் பாடம் என்று தனியாக எதுவும் நடப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவன் வண்டல் மண்ணைக் குழைக்கிறான், வறட்டி அடுக்குகிறான், வார்த்த சிலையில் துருத்திக்கொண்டிருக்கும் உலோகத் தண்டுகளை அறுத்து அரம் போடுகிறான். கொஞ்சம் தேறியவர் மெழுகில் பீடமும் ஆபரணமும் செய்கிறார். முகமும் விரல்களும் பெரிய ஸ்தபதியின் வேலை. சிலை உருவாகும் வரிசையில் மெழுகு முதலில், அரம் பின்னால். கற்கும் வரிசையோ எங்கே தவறினால் நட்டம் குறைவு என்பதைப் பார்த்து அமைந்திருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையற்கடைகளிலும் இதையே கண்டார். அங்கே பழகுபவர்கள் பொத்தான் தைப்பது, ஓரம் மடித்து அடிப்பது என்று தொடங்குகிறார்கள். துணி வெட்டும் கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வரும். தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டு பிசகினால் துணி போயிற்று. கடல் கடந்த இரண்டு தொழில்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன என்றால், மனிதர் இயல்பாகக் கற்கும் விதமே அதுதான் என்று நினைக்க இடமிருக்கிறது.

இந்த முறையின் சூட்சுமம் இரண்டு பொருள்களில் இருக்கிறது. ஒன்று, தென்னையோலைக் கீற்று. சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். சிற்ப சாத்திரத்தின் உத்தம தசதாலக் கணக்கு 124 பங்கு. முகத்துக்கு எத்தனை, மார்புக்கு எத்தனை என்பது ஓலையின் மடிப்பிலேயே இருப்பதால், பழகுபவன் கண்ணால் ஊகித்ததை உடனே ஓலையை வைத்துச் சரிபார்க்க முடிகிறது. மற்றொன்று, தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. மூக்கு கோணினால் சூடான கத்தியால் வழித்துவிட்டு மறுபடி வைக்கலாம். முழு உருவமும் கெட்டால் உருக்கிவிடலாம். மெழுகைச் சுற்றிய மண் அச்சில் உலோகம் ஊற்றியபின் அந்தச் சலுகை கிடையாது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். பெருங்குறை இருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே உருவம் செய்யும் பயிற்சி முழுவதும் மன்னிக்கும் பொருளில் நடக்கிறது, மன்னிக்காத பொருள் தேர்ந்த கைக்குக் காத்திருக்கிறது.

இதெல்லாம் காலவிரயம், கல்லூரியில் சில ஆண்டுகளில் கற்றுவிடலாமே என்று கேட்கலாம். மாமல்லபுரத்தில் அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கிறது. அதன் பயன் பெரிது. சாத்திரத்தையும் அளவையும் வகுப்பில் சொல்லித்தரலாம். ஆனால் மெழுகு எந்தச் சூட்டில் வளையும் என்பதை விரல்தான் அறிய வேண்டும், அதற்குத் தவறுகள் சேர வேண்டும். இது குலத்தொழில், ரத்தத்தில் வருவது என்பது இன்னொரு வாதம். ரத்தத்தில் வருமானால் ஸ்தபதி வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலிருந்து மெழுகைப் பிசைந்து பழக வேண்டிய தேவையே இருக்காது. அவர்களுக்குக் கிடைத்தது கெட்டாலும் கேள்வி கேட்காத மெழுகு. பிற குலத்தாருக்கும் பெண்களுக்கும் நெடுங்காலம் அது மறுக்கப்பட்டது. அதுதான் இந்த முறையின் பெரிய குறை. அதைக் குலப்பெருமை என்று கொண்டாடக் கூடாது.

இப்போது அந்த மெழுகும் சுருங்குகிறது. இடைத்தரகர் கேட்பது மலிவும் வேகமும். கூலி உருப்படிக் கணக்கில் வரும்போது, பழகுபவன் கெடுக்கும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஸ்தபதியின் அன்றைய வருமானம் குறைகிறது. எனவே தெரிந்த வேலையை மட்டுமே அவனிடம் தருகிறார். அரம் போட வந்தவன் அரத்தோடே நின்றுவிடுகிறான். இடைத்தரகரின் கணக்கில் சிலையின் விலை இருக்கிறது, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் செலவு இல்லை. விருதும் புவிசார் குறியீடும் முடிந்த சிலைக்குத்தான் மதிப்புத் தருகின்றன. கைவினையைக் காக்க விரும்பும் அரசு, பட்டறையில் பழகுபவனுக்கு உதவித்தொகையும் அவனால் வீணாகும் நேரத்துக்கு ஸ்தபதிக்கு ஈடும் தரட்டும். தவறுக்குக் கூலி கொடுக்காத தொழிலில் தேர்ச்சி பிறக்காது.