ஆன்பொருநை மணலில் ரோமாபுரி வெள்ளி

கரூரில் அமராவதிக் கரையில் நின்றோம். சங்கப் புலவர்களின் ஆன்பொருநை இதுதான். இதன் மணலை அரித்துப் பலர் பழங்காசுகள் எடுத்திருக்கிறார்கள்.

பெரியவர் ஒருவர் மடியிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்துக் காட்டினார். ஒரு புறம் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் சிரம். மறுபுறம் கேடயமும் ஈட்டியுமாக அவருடைய பேரர்கள் இருவர். நம் நாட்டில் மிகுதியாகக் கிடைத்த ரகந்தான். ஆயினும் மிளகு வாங்கக் கடல் கடந்து வந்த காசல்லவா! கி.பி. 64-இல் நீரோ வெள்ளியின் மாற்றைக் குறைத்தான். அதன்பின் அடித்த வெள்ளிக் காசுகள் இங்கே அகப்படுவது அபூர்வம். நம் வணிகர்கள் உரைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் போலும்!

வாங்கிவிடலாமென்ற சபலம் நமக்கும் உண்டாயிற்று. எந்த இடத்தில், எவற்றோடு கிடைத்தது என்று விசாரித்தோம்.

"ஆருக்குங்க தெரியும்? நாலு கை மாறி வந்ததுங்க. மத்ததையெல்லாம் ஆசாரி உருக்கிப் போட்டாருங்க" என்றார்.

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தோம்.