ஆடி மாதத்துப் பெட்டி

கொல்கத்தா சாந்தினி சௌக்கில் தெர்மோஸ்டாட் கேட்டேன். மீன்தொட்டிக்கா முட்டைக்கா என்றார் கடைக்காரர். முட்டைக்கு என்றதும் மற்ற சாமான்களும் தாமாகவே மேசைக்கு வந்தன: குண்டு பல்பு மாட்டும் ஹோல்டர், கம்ப்யூட்டருக்குள் சுற்றுமே அந்தச் சின்ன ஃபேன், ஈரப்பதம் காட்டும் மீட்டர். கூடவே ஒரு தெர்மோகோல் பெட்டி இருந்தால் இன்குபேட்டர் தயார். இவற்றை வாங்கிப்போய்ப் பெட்டி கட்டித் தருகிற வயரிங் தொழிலாளி ஒருவரையும், அவரிடம் பெட்டி வாங்கி முதன்முறையாக முட்டை வைக்கும் தையல்காரப் பெண் ஒருவரையும் பார்க்கப் போயிருந்தேன். சியால்தாவிலிருந்து தெற்கே போகும் லோக்கல் ரயிலில் சோனார்பூர். மழை வலுத்திருந்த ஆடி மாதம்.

தீதிக்கு, அந்தத் தையல்கார அக்காவுக்கு, கோழி புதிதல்ல. அடைக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துப் பழகிய கை. ஆனால் அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாளும் முட்டையிடாது. குஞ்சோடு திரியும் காலத்திலும் இடாது. அடையைப் பெட்டியிடம் விட்டால் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். கூடு காலியானால் என்ன ஆகும் என்பதும் அந்த வீட்டுக்குத் தெரியும். 2008 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் 13 மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் பரவி, சுமார் 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. அப்போது கூடு காலியாகக் கிடந்ததை மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாராம். கொல்லைக்கோழி என்பது வங்காளத்திலும் பெண்களின் கைக்காசு. கூடு காலியானால் பிள்ளையின் டியூஷன் நிற்கும்.

தீதி சேர்த்திருந்தவை ஹரிங்காட்டா பிளாக் முட்டைகள். நதியா மாவட்டப் பக்கத்துக் கறுப்பு இறகுக் கோழி, பதிவு பெற்ற நாட்டினம். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டை ஒன்றுகூட அதில் இல்லை. எதையும் கழுவவுமில்லை, கழுவினால் ஓட்டின் மேல்பூச்சு போய்க் கிருமி உள்ளே ஏறும்.

ஃபேன் உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி. புதிதாக வைப்பவர்கள் எல்லாருடைய கவலையும் இந்த எண்ணைச் சுற்றியே இருக்கிறது. வயரிங்காரர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும் என்றார். அவர் செய்த முதல் காரியம் பெட்டிக்குள்ளிருந்த தண்ணீர்த் தட்டை வெளியே எடுத்து வைத்ததுதான். "இந்த மாசத்துல தண்ணி வேணாம் பௌதி (அண்ணி), காத்துலயே இருக்கு."

தட்டு நிறையத் தண்ணீர் ஊற்று என்றுதான் செய்முறைக் குறிப்புகள் சொல்கின்றன. தீதி தயங்கினார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழைக்காலத்தில் வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அதே காற்று 37.5 டிகிரிக்குச் சூடானால், அதிலுள்ள நீர் குறையாமலேயே ஈரப்பதம் ஏறக்குறைய 55 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. முதல் 18 நாள் முட்டைக்கு வேண்டியது 50 முதல் 55 வரை. அதாவது வங்காளத்து மழைக்காற்றே போதும்; தட்டில் ஊற்றுவது அதிகப்படி.

அதிகப்படியால் என்ன கெடும் என்பதை வயரிங்காரர் பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தே கற்றிருக்கிறார். முட்டை அடையில் கொஞ்சம் காய வேண்டும். 50 கிராம் முட்டை 18 நாளில் 6 கிராம் அளவுக்கு நீரை இழக்கும். அந்த அளவுக்கு, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைக்கும் முன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறையிலிருந்துதான். அறை சிறுத்துப்போனால் முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே திணறிச் சாகும். அப்படிச் செத்த பல குஞ்சுகளைக் கையில் வைத்துப் பார்த்த பிறகே தட்டை வெளியே எடுக்கத் தொடங்கினாராம். இப்போது நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் முட்டைகளை நிறுத்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். தன் ஊர்க் காற்றை இப்படிக் கவனிக்கத் தெரிந்தவரைத்தான் நான் தொழில் தெரிந்தவர் என்பேன்.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். நாளுக்கு மூன்று முறை தீதி புரட்டினார். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று என்பது ஒற்றைப்படை. நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் மேலே கிடக்காது.

ஏழாம் நாள் விளக்கை அணைத்துச் செல்போன் டார்ச்சில் முட்டை பார்த்தோம். கரு கட்டியதில் சிலந்தி கால் விரித்தாற்போல் ரத்த நாளங்கள். மூன்றாம் நாள் முட்டையில் ரத்தப்புள்ளி ஒன்று துடிப்பதை அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். தீதி கண்டது அசையும் கருவையே. அவருக்குப் பேச்சு வரவில்லை. வெறுமையாகத் தெரிந்தவற்றை வயரிங்காரர் எடுத்து வைத்தார்.

இடையில் ஒரு நாள் இடியோடு மழை, கரண்ட் போனது. எங்கள் பக்கம் இடிக்குப் பயந்து அடை முட்டையோடு இரும்புத் துண்டும் கரியும் வைப்பார்கள். தீதி பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தாவைப் பெட்டிமேல் போர்த்தினார், கருவுக்கு மூச்சுக்காற்று போகும் துளைகளை மட்டும் விட்டு. கொஞ்ச நேரம் குளிர்ந்தால் பயமில்லை. தாய்க்கோழியும் தினமும் இரைக்கு எழுந்து போகிறதே. சூடு 40-ஐத் தாண்டினால்தான் ஆபத்து.

18ஆம் நாள் புரட்டுவது நின்றது. தண்ணீர்த் தட்டு உள்ளே போனது. இனி 65 முதல் 70 சதவீதம் வேண்டும், இல்லாவிட்டால் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றிக்கொள்ளும். மூடியைத் திறக்கவே கூடாது. இருந்த நாட்களிலேயே கடினமானவை இவைதான். கீச்சென்ற சத்தம் வந்து, ஓட்டில் விரிசலும் விழுந்த பிறகு மணிக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. உரித்துவிடலாமா என்று தீதி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது சவ்வின் நாளங்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. உரித்தால் குஞ்சு ரத்தம் போய்ச் சாகும். "அதுக்குத் தெரியும் பௌதி" என்று போனில் சொன்னார் வயரிங்காரர்.

முக்கால்வாசி பொரித்தன. ஈரம் உலரும்வரை பெட்டியிலேயே விட்டார்கள். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், தீவனத்துக்கு அவசரமில்லை. முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட வேண்டும். தீதி தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டார்.

அடுத்த அடை டிசம்பரில். அன்றைய காற்று 20 டிகிரி, 60 சதவீதம் என்றால், பெட்டிக்குள் அது 22 சதவீதத்துக்கு வறண்டுவிடும். இதே பெட்டிக்கு அப்போது இரண்டு தட்டும் நனைத்த ஸ்பாஞ்சும் முதல் நாளிலிருந்தே வேண்டும் என்கிறார் வயரிங்காரர். இரண்டாவது தட்டை இப்போதே வெட்டத் தொடங்கியிருக்கிறார்.