பத்து நிமிட மேடை

ஜொகூரில் மாசாய் பக்கம் ஒரு கோயில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை. அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐந்து பேர் ஒத்திகை பார்க்கிறார்கள். சுவரோரம் கிடந்த நாற்காலி ஒன்றில் நான். என்னை யாரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை.

நாடகம் இதுதான். சிங்கப்பூரில் வேலை செய்யும் தகப்பன் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு திரும்புவதற்குள் மறுபடி தூங்கியிருப்பாள். இன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். ‘பாலத்துல ஜாம்’ என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. அவன் வந்து சேரும்வரை பிள்ளையைத் தூங்கவிடாமல் தாய் பேச்சுக் கொடுக்கிறாள். கதையிலும் பத்து நிமிடம், மேடையிலும் அதே பத்து நிமிடம்.

தகப்பனாக நடிப்பவரும் அக்கரையில் வேலை பார்ப்பவர்தான். நாள்தோறும் ஜொகூர் நீரிணையைக் கடக்கும் லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கு நீளமான வசனம், நம் பிழைப்பைப் பற்றி ஏழெட்டு வரி. குரல் தழுதழுக்க நன்றாகவே சொன்னார். இயக்கும் டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அண்ணே, பேச வேணாம். ஹெல்மெட்ட மட்டும் கீழ வைங்க” என்றார்.

வைத்தார். டக்கென்று சத்தம்.

“பிள்ளை தூங்கிடுச்சுண்ணே.”

மறுபடி வந்தார். ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முட்டியை மடக்கினார். முதலில் ஒரு விளிம்பு தரையைத் தொட்டது. பிறகு மெல்ல மெல்ல மொத்தமும். வாரின் கொக்கி அப்போதும் தரையில் உரசப் பார்த்தது. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். தாயாக நடித்த பெண் தன் அடுத்த வசனத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் தாளில் அந்த ஏழெட்டு வரியையும் அடித்தார்.

இரண்டரை மணி நேர நாடகமாக இருந்திருந்தால் அந்த வசனம் தப்பித்திருக்கும், கைதட்டலும் வாங்கியிருக்கும். பத்து நிமிடத்தில் அது தங்க இடமில்லை. குறுநாடகம் பழகுகிறவர்களுக்கானது, பெரிய நாடகம் போட வழியில்லாதவர்கள் போடுவது என்ற பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கொக்கியைப் பொத்திய கையைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

ஓரத்தில் ஒரு பெரியவர், நெகிழிப் பையில் கட்டிய தே தாரிக்கை உறிஞ்சியபடி, பள்ளிச் சிறுமிக்கு ரப்பர்த் தோட்டத்து நாடகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திருவிழாவென்றால் விடிய விடிய நடக்குமாம். அப்போது நடிப்பவர்கள் எல்லாரும் ஒரே லயத்தில் இருந்தார்கள்; பால்வெட்டு முடிந்தால் கூப்பிடு தூரத்தில் ஒத்திகை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, சனங்கள் ஆளுக்கொரு தாமானுக்குக் குடிபோனார்கள். ஒருவருக்கு இரவு ஷிப்ட், ஒருவருக்குப் பாலம் தாண்டி வேலை, ஒரு பிள்ளைக்கு எஸ்.பி.எம். தேர்வு. இந்த ஐவரும் ஒன்றாய்ச் சேர வாரத்தில் ஒரு மாலை கிடைத்தாலே பெரிது. ஒரு மாலைக்குள் பத்து நிமிட நாடகத்தை நாலு தரம் நடித்துத் திருத்திவிடலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போடுவதும் நாடகத்தைச் சுருக்குவதும் நமக்குப் புதிதல்ல. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1978இல் டில்லியில் சஃப்தர் ஹஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு நடித்த ‘மெஷின்’ நாடகம் சுமார் 13 நிமிடம்தான். பெரிய நாடகத்தைத் தாங்கத் தொழிற்சங்கங்களிடம் பணமில்லாத காலம் அது. சைக்கிள் நிறுத்த இடமும் தேநீர்க் கடையும் கேட்ட ஆலைத் தொழிலாளர்களின் கதையைத் தொழிலாளர்கள் முன்னாலேயே நடித்தார்கள். சிட்னியில் 2002இல் தொடங்கிய ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ பத்து நிமிட நாடக விழா கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் வந்திருக்கிறது.

இருட்டியதும் அடுத்த நாடகத்துக்கு ஆள் மாறியது. சற்றுமுன் தாயாக நின்ற பெண் இப்போது தாளோடு உட்கார்ந்தாள். இது அவள் எழுதியது. தகப்பனாக நடித்தவர் நாற்காலியை நகர்த்திப்போட்டார். தே தாரிக் பெரியவருக்குத்தான் முக்கிய வேடம். முழுநீள நாடகத்தில் அவருக்குக் கதாநாயகியின் தாத்தாவாக ஒரு காட்சி கிடைத்திருக்கும், இருமிவிட்டுப் போயிருப்பார். இங்கே கதையே அவர்மேல் நிற்கிறது. முதல் வரியைச் சொல்லும்முன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

ஜொகூரில் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒன்று கேட்கிறேன். திருவிழா இரவில், பரிசளிப்பு விழாவில், இரண்டு சினிமாப் பாட்டு நடனங்களுக்கு இடையே பத்து நிமிடம் இவர்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்குங்கள். திரைச்சீலையோ வண்ண விளக்கோ வேண்டாம், இரண்டு நாற்காலி போதும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மண்டபச் சாவியையும் கொடுத்துவிடுங்கள்.