சூட்டில்தான் சோதிக்க வேண்டும்

1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் பாயிண்ட் செட் இருந்தவரை இக்னிஷன் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் கருகியிருக்கும்; சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டிய கேப் குறைந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கேப் வைத்தால் வண்டி கிளம்பிவிடும். இப்போது பலர் அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் மாட்யூல் பொருத்துகிறார்கள். கேமின் மேல் ஒரு காந்த வளையம், அருகே ஹால் சென்சார். உரசித் தேய ஒன்றுமில்லாததால் டைமிங் நகராமல் நிற்கிறது. ஆனால் பழுதானால் மூடியைத் திறந்து பயனில்லை; செத்த மாட்யூலும் புதிது போலவே இருக்கும்.

அதனால்தான் வண்டி நின்றதும் மாட்யூலை மாற்றிவிடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

வழக்கமான புகார் இது: காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், ஓடிச் சூடானதும் நின்றுவிடும், ஆறினால் மறுபடி கிளம்பும். பெட்ரோல் லைனில் ஆவி அடைத்தாலும் இதே குணம்தான். ஆகவே முதல் கேள்வி, ஸ்பார்க்கா பெட்ரோலா என்பது. வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன், ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உடலை இன்ஜினில் அழுத்தி வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் பெட்ரோல் பக்கம் பார்க்கலாம். கராஜுக்கு இழுத்து வந்து, ஆறிய பிறகு சோதித்தால் எல்லாமே நன்றாக இருக்கும், ஒன்றும் அகப்படாது.

ஸ்பார்க் இல்லையென்றால் அடுத்து கரண்ட் வரும் வழி. இங்கேதான் மீட்டர் நம்மை ஏமாற்றும். கரண்ட் ஓடாதபோது, பாசி பிடித்த இணைப்பின் வழியாகவும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பாதி அடைத்த தண்ணீர்க் குழாயில், திருகை மூடியிருக்கும்வரை அழுத்தம் குறையாதது போலத்தான் இதுவும். அதனால் காயில் கரண்ட் இழுக்கும்போது, பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் பாசிட்டிவுக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளப்பேன். பேலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் சாவி சுவிட்ச், ஃபியூஸ் பாக்ஸ், ஒயர் முனைகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாக வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் பேட்டரியிலிருந்து மாட்யூலின் சிவப்பு ஒயருக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பார்ப்பேன். அப்போது இன்ஜின் ஓடினால் மாட்யூல் நிரபராதி.

பிறகு எர்த். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பேஸ் பிளேட்டையும் உடலையும் இணைக்கும் சிறிய ஒயரை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான மாட்யூல்களுக்கு எர்த் அதன் வழியாகத்தான். வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் பிளேட் அசைய, அந்த ஒயரும் மடங்கி மடங்கி, மேலுறை அப்படியே இருக்க உள்ளே அறுந்துபோகும். பிளேட்டை அசைத்துக்கொண்டே ஓம்ஸ் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

காயிலையும் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். 3 ஓம்ஸ் காயில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பேலஸ்ட் ரெசிஸ்டருடன் ஓட வேண்டிய 1.5 ஓம்ஸ் காயிலை நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் கரண்ட் இரட்டிப்பாகும். காயிலும் வேகும், மாட்யூலும் வேகும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் நிலையிலேயே விட்டாலும் பல மாட்யூல்கள் இப்படித்தான் போகின்றன. காயிலிலிருந்து வரும் ஒயரில் ஸ்பார்க் இருந்து, பிளக்கில் இல்லையென்றால் ரோட்டாரைப் பாருங்கள்; அது வெடித்திருந்தால் ஸ்பார்க் ஷாஃப்டுக்குத் தாவிவிடும்.

இவை எல்லாம் சரியென்றால்தான் மாட்யூல். சாவியை ஆன் செய்து, காயில் நெகட்டிவில் மீட்டர் வைத்து இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினால், எளிய மாட்யூல்களில் வோல்டேஜ் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் மாட்யூல் செத்துவிட்டது.

உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. இனி நம் கையில் இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். மாட்யூல் போனதற்குக் காரணம் காயிலாகவோ எர்த்தாகவோ இருந்தால், அதைக் கண்டுபிடிக்காமல் மாட்டும் புதிய மாட்யூலும் அதே வழியில்தான் போகும். வரிசை தவறாமல் சோதிப்பவருக்குப் பழுதோடு அதன் காரணமும் கிடைக்கிறது. வண்டிக்காரருக்கு நாம் செய்ய வேண்டிய வேலை அந்தக் காரணத்தைச் சரிசெய்வதுதான்.