முகத்தைப் பார்க்காதீர், நடப்பைப் பாருங்கள்!

மலைகளின் இளவரசி என்று எல்லோரும் புகழும் கொடைக்கானல்தான் என் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும், "தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் மலைக்கு இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: போதைக் காளான்! அதிலுள்ள சைலோசைபின் சட்டம் தடுத்த பொருள். 2020 பிப்ரவரியில் குண்டுபட்டி தனியார் தோட்டமொன்றில் இரவு விருந்துக்குக் கூடிய 200-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் போலீஸார் பிடித்தது நாடறிந்த செய்தி.

சென்ற சீசனில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மேல் வீட்டை வாடகைக்கு விட்டார். வந்தவர்கள் ஆறு மாத வாடகையை ரொக்கமாக நீட்டினார்கள். ஆதார் நகல் கேட்டால் மட்டும் "நாளைக்கு". பகலில் ஜன்னல் திறக்காது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் பைக்குகள் வரும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். தெருப் பையன் ஒருவனுக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்க நூறு ரூபாய்!

"வாடகை ஒழுங்கா வருதே, நமக்கென்னப்பா?" என்றார் பெரியம்மா.

நமக்கும் உண்டு! 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் 25-ஆம் பிரிவின்படி, தெரிந்தே வீடு விட்டவருக்கும் அதே தண்டனைதான். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. இதை நான் படித்துச் சொன்னதும் பெரியம்மா போலீசுக்குத் தகவல் கொடுத்தார். விசாரணை வந்தது, வீடு காலியானது. பையன் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான்.

ஆனால் ஒன்று! நீள முடி, கிழிந்த சட்டை, வேற்று மொழி... இவையெல்லாம் அடையாளம் அல்ல. இரவு வேலை பார்ப்பவரும் பகலில் ஜன்னலைச் சாத்தித்தான் தூங்குவார். பல அறிகுறிகள் ஒன்றுசேர்ந்து, நாள்தோறும் தொடர்ந்தால்தான் சந்தேகம். அப்போதும் நாமே கதவைத் தட்டி வம்புக்குப் போகக் கூடாது. தேதி, நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு 10581-க்குச் சொல்லுங்கள். தகவல் தந்தது யார் என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 68-ஆம் பிரிவு.

பழக்கத்தில் விழுந்தவனோ நோயாளி. அவனுக்கு வழிகாட்ட 14446 இருக்கிறது.

விற்பவனுக்கு வேண்டியது நம் மௌனம். நூறு ரூபாய்க்குப் பொட்டலம் சுமக்கும் தம்பி, நாளை நம் பாலிடெக்னிக்கில் புத்தகம் சுமக்க வேண்டியவன். அவனுக்காகவாவது வாய் திறப்போம், தோழர்களே!