எண்பது சதவீதம்

நான் மின்னணுப் பொறியாளர் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "லேப்டாப்ப எப்பவும் சார்ஜர்லயே போட்டு வைக்கலாமா?" என்பது ஒன்று. கல்யாணம் எப்போது என்பது மற்றொன்று. முதலாவதற்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு.

"சுத்தமா தீந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று மாமாக்கள் இன்னும் சொல்கிறார்கள். அது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. 1991-இல் சோனி லித்தியம்-அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி செய்த விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பேட்டரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை.

லித்தியம் பேட்டரிக்குள் நடப்பது இதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது இல்லாமல் பேட்டரி வேலை செய்யாது. ஆனால் அது மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும். போகப் போக கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிவிடும். விழுங்கியது திரும்பாது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும்.

பேட்டரி யூனிவர்சிட்டி தளம் ஒரு கணக்கு தருகிறது. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு வைத்திருந்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்திருந்தால் 65தான். பினாங்கு அடுக்குமாடி வீட்டில், மத்தியான வெயிலில், மெத்தை மேல் சார்ஜரோடு கிடக்கும் லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே செட்டிங்கில் போய் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வையுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த வசதியைத் தருகிறார்கள். நாளைக்குக் கோலாலம்பூருக்கு பஸ் ஏறுகிறீர்களா, தாராளமாக முழுசாக ஏற்றிக்கொள்ளலாம். பல மாதம் தொடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

தம்பியின் லேப்டாப்பில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார்.

"அப்ப மிச்ச இருபது வீணாதானே போவுது?"

"வீணில்லம்மா. முழுசா ஏத்தி வச்சா அதுக்கு அழுத்தம். கொஞ்சம் விட்டு வச்சாதான் ரொம்ப வருஷம் உழைக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க சூப்பர்வைசர்கிட்ட யாராச்சும் இத சொல்லியிருக்கலாம்."

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. இன்டெல் அதே ஆண்டு வந்தது. அதன் பின் எத்தனையோ கம்பெனிகள். தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் இளம்பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அம்மா அதில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஆப்பரேட்டர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒருநாள்கூட லீவு எடுக்காத மாதத்துக்குத் தனி அலவன்ஸ் உண்டு. அந்த வெள்ளிக்காகக் காய்ச்சலோடும் போவார். அந்த அலவன்ஸ்தான் என் டியூஷன் காசு. நான் பல்கலைக்கழகம் போனதில் அதற்கும் பங்குண்டு.

இப்போது நானும் அதே பாலத்தைக் கடந்து அதே பேட்டைக்குத்தான் போகிறேன். மைக்ராஸ்கோப் இல்லை, குளிர்சாதன அறை. ஆனால் இரவு பதினொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் லைன் நின்றுவிட்டது என்று செய்தி வரும். உடனே பதில் போடுபவரை "கமிட்டட்" என்பார்கள். ஒரு பேட்டரியின் ஆயுளை இரண்டு வருஷம் நீட்ட மீட்டிங் மேல் மீட்டிங் போடும் நாங்கள், ஆளுக்கு எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது என்று ஒரு மீட்டிங்கும் போட்டதில்லை.

80 சதவீதம் வைத்தாலும் பேட்டரி ஒருநாள் தேயத்தான் செய்யும். வேகம் குறையும், அவ்வளவே. தேய்ந்தால் கொம்தார் பக்கத்துக் கடைகளில் சில நூறு வெள்ளிக்குப் புதிது மாற்றித் தருவார்கள். அம்மா இப்போது ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்.